அதியன் வரிசையும் இரண்டு டிரங்க் ஆபரேட்டர்களும்

கடலூர் முதுநகரில் எங்கள் வீட்டிலிருந்து மூன்றாவது வீடு ஞானாம்பாள் அக்காவுடையது. டெலிபோன் ஆபீஸில் முப்பத்தெட்டு வருஷம் வேலை பார்த்துவிட்டு 2020 ஜனவரியில் விருப்ப ஓய்வில் வந்தவர். கணவர் மணவாளன் மாமா ரயில்வே சரக்கு ஆபீஸில் கிளார்க்காக இருந்தவர். மகள் கல்யாணமாகிக் கோயம்புத்தூரில் இருக்கிறாள். இரண்டு பேரும் இருக்கிற இடம் தெரியாமல் இருப்பவர்கள். அதனால் போன வருஷம் ஆடி மாசத்தில் ஒரு நாள் பகல் பதினொரு மணிக்கு, "ஐயையோ, என் கையெழுத்து!" என்று அக்கா கத்தியது தெருவுக்கே கேட்டபோது நாங்கள் நாலைந்து பேர் பயந்து ஓடினோம். அக்கா ஒரு புத்தகத்தை விரித்துப் பிடித்தபடி கூடத்தின் நடுவில் நின்றிருந்தார். மாமா பக்கத்தில் மூக்குக் கண்ணாடியைத் தேடிக்கொண்டிருந்தார்.

அந்தக் கத்தலுக்குக் காரணம் புரிய வேண்டுமென்றால் அக்காவின் இருபதாவது வயசிலிருந்து தொடங்க வேண்டும்.

அக்காவுக்குச் சொந்த ஊர் திட்டக்குடிப் பக்கம். அப்பாவுக்குக் கரும்பும் நெல்லும். 1982-ல் ஆபரேட்டர் வேலை கிடைத்து, ஒரு தகரப் பெட்டியோடு கடலூர் வந்து இறங்கினார். அப்போதெல்லாம் வெளியூருக்குப் பேச வேண்டுமென்றால் டிரங்க் கால் பதிவு செய்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். ஆபரேட்டர் காதில் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு, போர்டில் ஒயரைச் செருகி, அந்த ஊர் ஆபரேட்டரைக் கூப்பிட்டு, இரண்டு பக்கத்தையும் சேர்த்துவிடுவார். எந்த ஊர், எத்தனை நிமிஷம் என்று ஒரு சின்னச் சீட்டில் குறித்து வைப்பார். ஆபரேட்டர்கள் ஒருவரையொருவர் பேர் சொல்லிக் கூப்பிடும் வழக்கம் கிடையாது. ஊர்தான் பேர். "விழுப்புரம், மெட்ராஸ் குடுங்க." "பண்ருட்டி, லைன்ல இருங்க." அவ்வளவுதான் பேச்சு.

சிதம்பரம் மட்டும் வேறு மாதிரி இருந்தது. சிதம்பரத்தின் குரல் கனமான குரல். முதல் நாள் அக்கா அதை ஆண் குரல் என்று நினைத்து "சார்" என்று சொல்ல, அந்தப் பக்கம் சிரிப்பு வெடித்தது.

"சார் இல்லீங்க, நான் எழிலரசி. ஒங்க பேரு என்ன?"

"ஞானாம்பாள்."

"பேரு எதுக்கு, கடலூருன்னே கூப்புடுறேன். நீ புதுசா? பயந்து பயந்து பேசுற?"

காலையில் மீன் கம்பெனிக்காரர்களும் மல்லாட்டைக் கடலை வியாபாரிகளும் லைனை விட மாட்டார்கள். மதியம் இரண்டு மணிக்கு மேல் போர்டு காற்றாடும். அந்த நேரத்தில் கடலூரும் சிதம்பரமும் பேச ஆரம்பித்தன. சினிமா, புடவை, மேலதிகாரியின் தொண்டைச் செருமல் என்று போன பேச்சு ஒரு நாள் உளவாளி அதியனில் வந்து நின்றது.

அதியன் கதைகள் அப்போது இரண்டு மாசத்துக்கு ஒன்று வரும். மட்டமான தாள், பளபளப்பான அட்டை, விலை இரண்டரை ரூபாய். அக்கா ஜங்ஷன் புத்தகக் கடையில் முதல் புத்தகத்தை வாங்கியது அட்டையில் டெலிபோன் படம் இருந்ததால்தான். அதியன் ஹாங்காங் போவான், பெய்ரூட் போவான். போகிற இடமெல்லாம் வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளாமல் மோர் கேட்பான். துப்பாக்கியை எடுக்கவே மாட்டான். எதிராளியைப் பேச விட்டுக் கேட்டுக்கொண்டே இருப்பான். கடைசியில் அந்த எதிராளி சொன்ன ஒரு வார்த்தையிலிருந்து முடிச்சை அவிழ்த்துவிடுவான். நாள் முழுக்க அடுத்தவர் பேச்சுக்கு நடுவில் உட்கார்ந்திருக்கிற இரண்டு பெண்களுக்கு அவனைப் பிடித்துப்போனதில் ஆச்சரியம் இல்லை.

எழிலரசிக்குக் காசு கொடுத்து நாவல் வாங்க வழி இல்லை. அண்ணன் வீட்டில் இருந்தாள், அண்ணன் கண்டிப்பு. எனவே அக்கா வாங்கிப் படித்துவிட்டுக் காக்கிக் கவரில் போட்டு ஒட்டி, வியாழக்கிழமை தோறும் ஆபீஸ் ஜீப்பில் சிதம்பரம் போகிற லைன்மேன் பக்கிரியிடம் கொடுத்துவிடுவார். பக்கிரி அடுத்த வியாழன் திருப்பிக் கொண்டுவருவார். மூன்று வருஷம் அந்தக் கவருக்குள் என்ன போகிறது என்று அவர் கேட்டதில்லை.

புத்தகம் திரும்பி வரும்போது ஓரங்களில் எழிலரசியின் எழுத்து இருக்கும். "கடலூரு, இந்த டாக்டர்தான் துரோகி. பந்தயம்?" அக்கா அதற்குக் கீழே "இல்லவே இல்லை" என்று எழுதி மறுபடி அனுப்புவார். கடைசி அத்தியாயத்தை இரண்டு பேரும் பந்தயம் கட்டிய பிறகுதான் படிப்பது என்று ஒப்பந்தம். சில சமயம் படித்துக்கொண்டிருக்கும்போதே கால் வந்துவிடும். கைக்குச் சீட்டு அகப்படாமல் புத்தக ஓரத்திலேயே ஊரையும் நேரத்தையும் கிறுக்கி வைத்திருப்பார்.

இத்தனைக்கும் இரண்டு பேரும் நேரில் பார்த்ததில்லை. நாற்பது சொச்சம் கிலோமீட்டர்தான். ஒரு மார்கழியில், ஆருத்ரா தரிசனத்தன்று கீழக் கோபுர வாசலில் சந்திப்பது என்று முடிவு செய்தார்கள். அதியன் பாணியில் அடையாளமும் வைத்துக்கொண்டார்கள்: இடது கையில் மடித்த பேப்பர். அக்கா அந்தக் கூட்டத்தில் பேப்பரைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு இரண்டு மணி நேரம் நின்றார். இடது கையில் பேப்பரோடு ஒரு பால்காரர் மட்டும் வந்தார். திருவிழாக் கூட்டத்தால் லைன் நெருக்கடியாகி, எழிலரசியை அவசரமாக டூட்டிக்குக் கூப்பிட்டுவிட்டார்கள். மறுநாள் லைனில் பெரிய சண்டை. அப்புறம் சிரிப்பு.

1987 தை மாசம் அக்காவுக்குக் கல்யாணம். மணவாளன் மாமா வீட்டில் அப்போது ஒன்பது பேர். ஒரு பீரோவில் பாதித் தட்டுதான் அக்காவுக்கு. அதியன் இருபத்தொரு புத்தகம் சேர்ந்திருந்தது. மொத்தத்தையும் கட்டி பக்கிரியிடம் கொடுத்து, "வேற வீடு பாத்ததும் வாங்கிக்கறேன், பத்தரமா வெச்சிரு" என்று எழிலரசிக்கு அனுப்பினார். அடுத்த வருஷம் எழிலரசிக்குச் சேலத்துக்கு மாற்றல் வந்தது. அதற்கும் அடுத்த வருஷம் எஸ்.டி.டி. வந்தது. யார் வேண்டுமானாலும் எந்த ஊருக்கும் தானே பேசலாம் என்று ஆனதும் போர்டை எடுத்துவிட்டார்கள். அக்காவைப் பில் செக்‌ஷனில் போட்டார்கள். புத்தகங்களும் போயின, குரலும் போயிற்று. குழந்தை, மாமியாருக்கு வைத்தியம், சொந்த வீடு என்று வருஷங்கள் ஓடின.

2023-ல் நெய்வேலிப் புத்தகக் கண்காட்சிக்கு மாமாதான் கூட்டிப் போனார். மிளகாய் பஜ்ஜி சாப்பிடலாம் என்ற எண்ணம்தான் அவருக்கு. ஒரு சின்னக் கடையில் அக்கா அப்படியே நின்றுவிட்டார். மேஜைமேல் 'உளவாளி அதியன் – மறுபதிப்பு வரிசை – 1, 2, 3.' நல்ல தாள், கெட்டியான அட்டை. முதுகுகளை வரிசையாக அடுக்கினால் ஒரு கலங்கரை விளக்கின் படம் உருவாகும்படி அச்சடித்திருந்தார்கள். மூன்று புத்தகத்துக்கு விளக்கின் அடித்தளமும் கொஞ்சம் பாறையும் மட்டும் தெரிந்தது.

அக்கா கண்ணில் நீர் வந்தது. பிறகு அட்டையைச் சரியாகப் பார்த்தார்.

"இவனுக்கு எதுக்குத் தாடி வெச்சிருக்காங்க?"

"இப்ப எல்லாரும் தாடிதானே வெச்சிருக்கான்" என்றார் மாமா.

"அதியன் தெனம் காலைல சவரம் பண்ணுவான். மொத புக்குலயே வருது."

தாடியோடே மூன்றையும் வாங்கினார். அன்றிலிருந்து அக்காவுக்குப் புதுப் பழக்கம் தொற்றிக்கொண்டது. அடுத்த புத்தகம் எப்போது என்று மகளிடம் போன் போட்டுக் கேட்பார்; வந்ததும் பிளாஸ்டிக் உறை போட்டுக் கூடத்து அலமாரியில் நிறுத்துவார். காலண்டர் பின்பக்கத்தில் இருபத்திரண்டு எண்கள் எழுதி, வந்ததைச் சுழித்தார். இருபத்திரண்டாவது புத்தகம் அவர் கல்யாணத்துக்குப் பிறகு வெளிவந்தது. அக்கா அதைக் கண்ணால் பார்த்ததே இல்லை. அதியன் கடைசியில் என்ன ஆனான் என்று தெரியாமலே முப்பத்தாறு வருஷம் இருந்திருக்கிறார்.

ஒன்பதாவது புத்தகம் போன ஆடியில் தபாலில் வந்தது. அதுவரை வந்தவை எல்லாம் புதிதாக எழுத்துக் கோத்து அச்சிட்டவை. இதில் பழைய பக்கங்களையே படமெடுத்து அப்படியே போட்டிருந்தார்கள். பழைய எழுத்துருவைப் பார்த்ததும் அக்காவுக்குச் சந்தோஷம். எழுபத்து மூன்றாம் பக்கம் திருப்பினார். ஓரத்தில், சாய்ந்த கையெழுத்தில், "சேலம் 2 – அர்ஜென்ட் – 11.40" என்று இருந்தது.

அதற்குத்தான் அந்தக் கத்தல்.

நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் இன்னும் மோசம். "கடலூரு, இந்த டாக்டர்தான் துரோகி. பந்தயம்?" "இல்லவே இல்லை." இரண்டு கையெழுத்தும் கறுப்பு மையில் பளிச்சென்று அச்சாகியிருந்தன.

"எத்தினி பேரு படிச்சிருப்பாங்க! மானம் போச்சு" என்று அக்கா நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். மாமா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அந்தப் பக்கத்தை நிதானமாகப் படித்தார்.

"டாக்டர்தான் துரோகியா?"

"ஆமா. அவதான் ஜெயிச்சா."

"அப்ப இந்தப் புக்கு அவுங்ககிட்டேருந்துதானே போயிருக்கணும்?" என்றார் மாமா.

அக்கா எழுந்து உட்பக்கத்தில் அச்சிட்டிருந்த எண்ணுக்குப் போன் போட்டார். பதிப்பாளர் பேர் சிலம்பரசன். நடுவயசு, சென்னையில் சின்னப் பதிப்பகம். அக்கா தான் யார் என்று சொன்னதும் அந்தப் பக்கம் புத்தகம் புரட்டும் சத்தம் கேட்டது.

"அம்மா, கடலூருன்னு எழுதியிருக்கே, அது ஊர்னு நெனச்சேன். அது நீங்களா?"

"நான்தான். ஏன் தம்பி அதெல்லாம் அழிக்காம போட்ட?"

"அழிச்சா பக்கத்துல இருக்குற எழுத்தும் போவுதும்மா. அதோட, உண்மையச் சொன்னா அழிக்க மனசும் வரல. வாசகருங்க அதப் பத்தித்தான் லெட்டர் போடுறாங்க."

புத்தகங்களைக் கொடுத்தது சிதம்பரத்தில் எழிலரசி என்கிற அம்மா என்றார். சேலத்தில் ஓய்வு பெற்று, அண்ணன் காலமான பிறகு சிதம்பரத்துக்கே திரும்பி, வடக்கு வீதிப் பக்கம் ஒரு சந்தில் தனியாக இருக்கிறார். திருப்பித் தந்துவிட வேண்டும் என்று எழுதி வாங்கிக்கொண்டுதான் கொடுத்தாராம்.

"நம்பர் குடு தம்பி, இப்பவே பேசுறேன்."

சிலம்பரசன் தயங்கினார். "அவுங்க போன்ல பேச மாட்டாங்கம்மா. காது சுத்தமா கேக்காது. ஏழெட்டு வருஷமாச்சாம். வாட்ஸ்அப்புல எழுதினா பதில் போடுவாங்க."

அக்கா போனைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்ததாக மாமா சொன்னார். எழுதுவார், அழிப்பார். நலமா என்று எழுதி அழித்தார். என்னை ஞாபகம் இருக்கிறதா என்று எழுதி அழித்தார். கடைசியில் எழுதி அனுப்பியது இவ்வளவுதான்: "சிதம்பரம், கடலூர் பேசுறேன்."

இரண்டு நீலக் கோடு வந்தது. அரை நிமிஷத்தில் பதில்: "லைன்ல இரு."

அப்புறம் முக்கால் மணி நேரம் ஒன்றும் வரவில்லை. அக்கா போனைக் கீழே வைக்கவே இல்லை. மறுபடி வந்த செய்தியில் விலாசமும், "சனிக்கிழமை காலைல வா. பேப்பர் கொண்டாராத" என்ற வரியும் இருந்தன.

சனிக்கிழமை அக்காவும் மாமாவும் பஸ் ஏறினார்கள். அக்கா மடியில் ஒன்பது மறுபதிப்புகளும் ஒரு பையில். கனமான குரலை வைத்து எழிலரசி ஆறடி உயரம் இருப்பாள் என்று அக்கா இத்தனை வருஷம் நினைத்திருந்தார். கதவைத் திறந்தது அக்காவின் தோள் உயரம்கூட இல்லாத, வெள்ளை முடியைக் கொண்டை போட்ட ஒரு அம்மாள். அந்த அம்மாளுக்குப் பின்னால் வேறு யாராவது வருகிறார்களா என்று அக்கா பார்த்தார்.

"என்ன பாக்குற? நான்தான்" என்றது அந்தக் குரல். அதே குரல். தன் குரல் தனக்கே கேட்காததால் சந்து முழுக்கக் கேட்கிற சத்தத்தில் வந்தது. "நீ கறுப்பா ஒல்லியா இருப்பேன்னு நெனச்சேன். என்னடி இப்புடி இருக்க?"

அக்கா பேச வாயெடுத்து, பிறகு ஞாபகம் வந்து நிறுத்தினார். எழிலரசி ஒரு நோட்டையும் பேனாவையும் நீட்டினார். அக்கா அவற்றை வாங்கவில்லை. சும்மா அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

காபி கொடுத்தபிறகு எழிலரசி மாமாவைப் பார்த்துக் கேட்டார். "அண்ணே, இவ கொரலு இன்னும் அப்புடியேதான் இருக்குதா?"

மாமா நோட்டை வாங்கி நிறுத்தி நிதானமாக எழுதினார்: "அப்படியே இருக்கு. அதிகாரம் மட்டும் ஜாஸ்தி." எழிலரசி படித்துவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார்.

உள்ளே இரும்பு பீரோவில், வேப்பிலை போட்டு வெள்ளைத் துணியில் சுற்றி, இருபத்திரண்டு புத்தகமும் இருந்தன. கடைசியை எழிலரசியே வாங்கிச் சேர்த்திருக்கிறார்.

"ஒன் புக்கு, எடுத்துக்க. சேலம் போறப்பவே பக்கிரி அண்ணன்கிட்ட குடுத்து விட்டிருக்கலாம். வேணும்னுதான் குடுக்கல. புக்கு என்கிட்ட இருந்தா அதக் கேட்டாச்சும் நீ கூப்புடுவேன்னு இருந்தேன். நீ கூப்புடவே இல்ல. நீயும் ஒன் கல்யாணமும்னு ரொம்ப நாளு கோவமா இருந்தேன்."

அக்கா நோட்டை இழுத்து வேகமாக எழுதினார். "சேலத்துக்கு ரெண்டு தடவை கூப்பிட்டேன். அப்படி யாரும் இல்லைன்னு சொன்னாங்க."

எழிலரசி அதை இரண்டு முறை படித்தார். "மொத ஆறு மாசம் என்னை மேட்டூருக்கு அனுப்பியிருந்தாங்க" என்றார். அதுவரை கத்திப் பேசியவர் அதை மட்டும் மெதுவாகச் சொன்னார். பிறகு எழுந்து போய் அடுப்பில் எதையோ கிளறினார். அங்கே கிளற ஒன்றும் இல்லை என்று மாமா என்னிடம் சொன்னார்.

மறுபதிப்புகளைப் பார்த்ததும் எழிலரசி மறுபடி பழைய ஆளானார். அவருக்கென்று வந்த பிரதிகளை ஒன்றுகூடத் திறக்கவில்லையாம். "தாடி வெச்ச அதியன் எனக்கு வேணாம்." அக்கா ஒன்பதையும் மேஜைமேல் நிறுத்தி, கலங்கரை விளக்கு எப்படி எழுகிறது என்று காட்டினார். எழிலரசி குனிந்து பார்த்து, "ஒயரம் பத்தலியே" என்றார்.

பழைய புத்தகங்களைக் கொண்டுபோக அக்காவுக்கு இஷ்டமில்லை. பதிப்பாளர் இன்னும் பதின்மூன்று புத்தகத்தைப் படமெடுக்க வேண்டும், இங்கேயே இருக்கட்டும் என்று எழுதினார். ஓரத்து எழுத்துகளை அழிக்கச் சொல்லலாமா என்றும் கேட்டார். எழிலரசி சம்மதிக்கவில்லை. "பந்தயத்துல நான் எத்தினி ஜெயிச்சேன்னு ஊருக்குத் தெரியட்டும்." கொஞ்ச நேரம் நோட்டிலும் வாயிலுமாகச் சண்டை நடந்தது, எழிலரசி பக்கமே வென்றது. இந்தத் தையில் பதினான்காவது புத்தகம் வந்தபோது அதன் நாற்பதாம் பக்கத்தில், "கடலூரு, பாக்க வந்த மாப்பிள்ளைக்கு மீசை எப்புடி?" என்ற கேள்வியும், "எலி வால்" என்ற பதிலும் அச்சாகியிருந்தன. மாமா அந்தப் பக்கத்தைத் தெருவில் ஒருவர் பாக்கியில்லாமல் எல்லாரிடமும் காட்டினார். இப்போது மீசையை எடுத்துவிட்டார்.

அந்த முதல் சனிக்கிழமை மதியம், கிளம்புவதற்கு முன்னால், எழிலரசி பீரோவிலிருந்து இருபத்திரண்டாவது புத்தகத்தை எடுத்தார்.

"இத நீ படிக்கவே இல்லல்ல?"

அக்கா தலையாட்டினார்.

"மறுபதிப்பு வர ரெண்டு வருசம் ஆவும். கடசீல என்ன ஆவுதுன்னு சொல்றேன் கேளு. அதியன் அந்தக் கப்பல்ல..."

"சொல்லாத, சொல்லாத!" என்று அக்கா கத்தினார். எழிலரசிக்கு எங்கே கேட்கிறது? அவர் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டே போனார். அக்கா பாய்ந்து போய் அவர் வாயைக் கையால் பொத்தினார். இரண்டு கிழவிகளும் அப்படியே கட்டிலில் சரிந்து, மூச்சு வாங்க வாங்கச் சிரித்தார்கள். மாமா செருப்பைப் போட்டுக்கொண்டு வாசலில் போய் நின்றார்.

அக்காவுக்குக் கண்புரை ஆபரேஷன் ஆனபிறகு பொடி எழுத்து ஓடுவதில்லை. மறுபதிப்பில் எழுத்தைப் பெரிதாக்கியிருந்தார்கள், பழைய பதிப்பின் எழுத்தோ எறும்பு ஊர்கிற மாதிரி இருக்கும். எனவே எழிலரசி வாசிப்பது என்று முடிவாயிற்று. மாசத்தில் இரண்டு சனிக்கிழமை அக்கா காலை பஸ்ஸில் சிதம்பரம் போகிறார். ஒரு நாளைக்கு ஒரு அத்தியாயம், அதற்குமேல் கிடையாது. எழிலரசி ஜன்னலோரம் உட்கார்ந்து அந்தக் கனத்த குரலில் உரக்க வாசிக்கிறார். எதிர் வீட்டு அன்புமணி என்கிற தையல்காரர் மெஷினை நிறுத்திவிட்டுக் கேட்கிறார். ஒரு தடவை வாசிக்காமல் விட்டுப்போனதற்கு ஏன் என்று வந்தே கேட்டாராம். ஒவ்வொரு அத்தியாயமும் முடிந்ததும் அக்கா நோட்டில் யார் துரோகி என்று எழுதி மடித்துக் கொடுக்கிறார். எழிலரசி அதைப் படித்து முகத்தில் ஒன்றும் காட்டாமல் டப்பாவில் போட்டு வைக்கிறார்.

இருபத்தாறு அத்தியாயம். போன சனிக்கிழமையோடு பதினெட்டு முடிந்தது. அதியன் கப்பலில் ஏறிவிட்டான், மோர் கிடைக்கவில்லை என்று அக்கா நேற்றுச் சொன்னார்.